ஆதார் ஜெராக்ஸ் இனி தேவையில்லையா? புதிய செயலியில் என்ன இருக்கு, இன்னும் என்ன மாறணும்?

லாட்ஜில் ரூம் போடணுமா? ஆதார் ஜெராக்ஸ். பிஜி ஹாஸ்டலில் சேரணுமா? ஆதார் ஜெராக்ஸ், கூடவே இரண்டு போட்டோ. புது வேலையில் சேரும் நாளில், பைக்கை வாடகைக்கு எடுக்கும்போது, வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது என எங்கே போனாலும் முதலில் வரும் கேள்வி, "ஆதார் இருக்கா?" என்பதுதான். நாமும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தத் தாள் அதன்பிறகு எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. வாங்கி வைத்தவரைக் கேட்டால் அவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

இந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காக வந்திருக்கிறது புதிய ஆதார் செயலி. தனித்துவ அடையாள ஆணையம் (யுஐடிஏஐ) உருவாக்கிய இந்தச் செயலியின் சோதனை வடிவத்தை 2025 ஏப்ரல் 8 அன்று மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிமுகப்படுத்தினார். 2025 நவம்பரில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் எல்லோரும் பதிவிறக்கும்படி வெளியானது. ஏற்கெனவே 2017-ல் வந்த எம்-ஆதார் செயலி வேறு, இது வேறு.

"இதுவும் இன்னொரு ஆப் தானே, ஃபோன்ல இடத்தை அடைக்கத்தான் வருது" என்று தள்ளிவிட வேண்டாம். இதில் உள்ள ஒரு வசதி, நம் அடையாளத்தை நாம் கையாளும் முறையையே மாற்றக் கூடியது. ஆனால், அந்த வசதி நம் ஃபோனில் மட்டும் இருந்தால் போதாது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் மாறினால்தான் அது வேலை செய்யும். அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒரு ஜெராக்ஸ், இரண்டு குறை

முதலில் ஜெராக்ஸில் என்னதான் பிரச்னை?

ஒருவர் நம்மிடம் அடையாளச் சான்று கேட்பது எதற்காக? நாம் சொல்லும் ஆள் நாம்தானா என்று உறுதி செய்துகொள்ள. ஜெராக்ஸ் இந்த வேலையைச் செய்கிறதா என்றால், இல்லை. ஃபோட்டோஷாப் தெரிந்த எவரும் பத்து நிமிடத்தில் பெயரையும் படத்தையும் மாற்றி, அச்சு அசலாக ஒரு ஆதார் அட்டையைத் தயார் செய்துவிட முடியும். அதை ஜெராக்ஸ் எடுத்தால் அசலும் போலியும் ஒரே மாதிரி கறுப்பு வெள்ளையில்தான் இருக்கும். வாங்கிப் பார்க்கும் வரவேற்பாளருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

சரி, உறுதிதான் செய்யவில்லை, பாதுகாப்பாகவாவது இருக்கிறதா? அதுவும் இல்லை. ஒரே தாளில் முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, புகைப்படம், 12 இலக்க எண் எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலான அட்டைகளில் தந்தை அல்லது கணவர் பெயரும் இருக்கும். லாட்ஜில் ஒரு ராத்திரி தங்கப் போகிறவரின் பிறந்த தேதி லாட்ஜுக்கு எதற்கு? யோசித்தால் பதில் கிடையாது. "எல்லாரும் வாங்குறாங்க, நாங்களும் வாங்குறோம்" என்பதுதான் பதில்.

ஆக, நம்மைப் பற்றிய எல்லாவற்றையும் ஜெராக்ஸ் சொல்லிவிடுகிறது. சொல்வது உண்மைதானா என்பதற்கு மட்டும் அதனிடம் ஆதாரம் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஆதார் இணையதளத்தில் இருந்து நாம் பதிவிறக்கும் இ-ஆதார் பிடிஎஃப் கோப்புக்கு பாஸ்வேர்டு உண்டு. அது என்ன? பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், அதோடு பிறந்த ஆண்டு. இரண்டுமே அட்டையின் முன்பக்கத்தில் அச்சாகி இருக்கின்றன! ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுத்த அந்தக் கோப்பு, கடை கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரில் இன்னும் இருக்கிறது என்றால், அந்தப் பூட்டுக்கு அதிக மதிப்பில்லை.

அந்தத் தாளை வைத்து என்ன செய்ய முடியும்?

பயமுறுத்துவது நோக்கமல்ல. ஆதார் எண்ணை மட்டும் தெரிந்துகொண்டு யாரும் உங்கள் வங்கிக் கணக்கில் இருந்து பணம் எடுத்துவிட முடியாது. அதற்கு ஓடிபியோ, கைரேகையோ, முகமோ வேண்டும். இதை ஆணையமும் பல முறை சொல்லியிருக்கிறது. அது உண்மை.

ஆனால், முழு உண்மை அல்ல. 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் எச்சரிக்கும் அளவுக்கு இது பரவியது. போலீஸ், சிபிஐ என்று சொல்லிக்கொண்டு வீடியோ காலில் வருகிறார்கள். "உங்க ஆதார் நம்பர்ல ஒரு பார்சல் புக் ஆயிருக்கு, உள்ள போதைப் பொருள் இருக்கு" என்கிறார்கள். அதை ஏன் மக்கள் நம்புகிறார்கள்? எதிரில் இருப்பவன் நம் பெயர், அப்பா பெயர், கதவு எண் வரைக்கும் சரியாக வாசிக்கிறான். "இவ்வளவும் தெரிஞ்சவன் போலீஸாத்தான் இருக்கணும்" என்று மனசு சொல்லிவிடுகிறது. படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள்கூட இதில் சிக்கி சேமிப்பை இழந்திருக்கிறார்கள். இந்த விவரங்கள் எல்லாம் எங்கோ ஹேக் செய்து எடுக்கப்பட்டவையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாம் கொடுத்துவிட்டு மறந்த தாள்களிலும் இவை அத்தனையும் இருக்கின்றன.

கைரேகை விஷயத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. கிராமங்களில் ஆதார் எண், விரல் ரேகை இரண்டையும் வைத்து பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறை உண்டு. நிலப் பதிவு ஆவணங்களில் பதிந்திருந்த கைரேகைகளை எடுத்து, அச்சு செய்து, அதை வைத்துப் பணம் சுருட்டிய கும்பல்கள் மீது பல மாநிலங்களில் காவல்துறை வழக்கு போட்டிருக்கிறது. எண் ஓரிடத்தில் இருந்து கசிகிறது, ரேகை இன்னோர் இடத்தில் இருந்து கசிகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லாதவை, ஒன்று சேரும்போது ஆபத்தாகின்றன.

புதிய செயலியில் என்ன புதுசு?

ஆதாரோடு இணைத்த மொபைல் எண் உள்ள ஃபோனில்தான் செயலியை அமைக்க முடியும். எண்ணை உறுதிப்படுத்தி, கேமராவில் முகத்தைக் காட்டிச் சரிபார்த்த பிறகே உள்ளே விடும். உள்ளே போனால் கிடைக்கும் வசதிகளில் முக்கியமானவை இவை.

முதலாவது, தேவையானதை மட்டும் பகிர்வது. இதுதான் இந்தச் செயலியின் உயிர். முழு அட்டையையும் காட்டாமல், பெயரும் படமும் மட்டும் போதும் என்றால் அதை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டலாம். முகவரி வேண்டும் என்றால் அதையும் சேர்க்கலாம். முடிவு நம் கையில்.

இரண்டாவது, கியூஆர் கோடு மூலம் சரிபார்ப்பு. ஜெராக்ஸ் எடுக்கத் தேவையில்லை. கோடை ஸ்கேன் செய்தால் விவரம் போகிறது, அது அசல்தான் என்ற உறுதியும் கூடவே போகிறது.

மூன்றாவது, பயோமெட்ரிக் பூட்டு. கைரேகை, கருவிழி போன்றவற்றை நாமே பூட்டி வைக்கலாம். பூட்டிய பிறகு உங்கள் ரேகையின் நகலோடு யாராவது முயன்றாலும் சரிபார்ப்பு நடக்காது. தேவைப்படும்போது நாமே திறந்துகொள்ளலாம். இது முன்பே இணையதளத்தில் இருந்த வசதிதான். இப்போது கைக்கு எட்டும் இடத்தில் வந்திருக்கிறது.

நான்காவது, நம் ஆதார் எப்போது, எங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல். வங்கி பாஸ்புக்கைப் புரட்டுவது மாதிரி இதையும் அவ்வப்போது பார்க்கலாம். நாம் போகாத இடத்தில் நம் ஆதார் 'போயிருந்தால்' தெரிந்துவிடும்.

ஐந்தாவது, ஒரே மொபைல் எண்ணில் பதிவான குடும்பத்தினர் 5 பேர் வரை ஒரே செயலியில் சேர்த்துக்கொள்ளலாம். வயதான அப்பா அம்மாவின் ஆதாரை நாமே பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு இது உதவும்.

இது எப்படி வேலை செய்யுது?

"ஸ்க்ரீன்ல காட்டுறதையும் எடிட் பண்ணலாமே, அப்புறம் ஜெராக்ஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

வித்தியாசம் டிஜிட்டல் கையொப்பத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் முக்கியமான கடிதத்துக்கு அரக்கு முத்திரை வைப்பார்கள். முத்திரை உடைந்திருந்தால் யாரோ பிரித்துவிட்டார்கள் என்று தெரியும். டிஜிட்டல் கையொப்பமும் அப்படித்தான். ஆணையத்திடம் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. நம் விவரங்களை அந்தச் சாவியால் முத்திரையிட்டுத்தான் கியூஆர் கோடில் வைக்கிறார்கள். அந்த முத்திரை சரியா என்று பார்க்க இன்னொரு சாவி உண்டு, அது பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், ஆனால் யாராலும் போலியாக முத்திரையிட முடியாது. பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும். ஃபோட்டோஷாப் இங்கே எடுபடாது.

பாதி விவரத்தை மட்டும் காட்டினால் முத்திரை உடையாதா? அதற்கும் வழி இருக்கிறது. இப்படிப்பட்ட டிஜிட்டல் அடையாளங்களில் உலக அளவில் பயன்படும் ஓர் உத்தி இது: பெயரை ஒரு கவரில், பிறந்த தேதியை இன்னொரு கவரில், முகவரியை வேறொரு கவரில் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே மூடி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முத்திரை வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேட்பவரிடம் எந்தக் கவரைக் கொடுக்கிறோமோ அதை மட்டும் அவர் பிரிக்கலாம். மற்றவை மூடியே இருக்கும். ஆனாலும் முத்திரை செல்லும்.

ஸ்மார்ட்போனில் காட்டும் ஓட்டுநர் உரிமத்துக்கு 2021-ல் வெளியான ஐஎஸ்ஓ தரநிலை இந்த எண்ணத்தில்தான் அமைந்திருக்கிறது. 2024-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும், தன் உறுப்பு நாடுகள் மக்களுக்குத் தர வேண்டிய டிஜிட்டல் வாலட்டில் இந்த வசதி இருக்க வேண்டும் என்கிறது. ஆக, நாம் தனியாக ஏதோ விசித்திரம் செய்யவில்லை. உலகம் போகும் பாதைதான்.

சட்டம் ஏற்கெனவே என்ன சொல்லுது?

பலருக்கும் தெரியாத ஒன்று, ஜெராக்ஸ் கலாசாரத்துக்கு எதிரான சட்டம் நம்மிடம் முன்பே இருக்கிறது என்பது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பு, ஆதாரை செல்லும் என்றது. ஆனால், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் சரிபார்ப்பைக் கேட்க இடம் தந்த 57-வது பிரிவின் பகுதியை ரத்து செய்தது.

அதன்பிறகு 2019-ல் ஆதார் சட்டம் திருத்தப்பட்டது. அதில் வந்த 8ஏ பிரிவு 'ஆஃப்லைன் சரிபார்ப்பு' பற்றிப் பேசுகிறது. அதாவது, ஆணையத்தின் சர்வரைத் தொடாமல், கியூஆர் கோடு போன்றவற்றை வைத்து மட்டும் சரிபார்ப்பது. இப்படிச் சரிபார்ப்பவர், சம்மதம் வாங்க வேண்டும். ஆதார் எண்ணையோ பயோமெட்ரிக்கையோ சேகரிக்கவோ பயன்படுத்தவோ சேமித்து வைக்கவோ கூடாது என்று அந்தப் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

அடுத்து 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இந்தச் சட்டத்தின்படி, ஒருவர் தரும் சம்மதம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரங்களுக்கு மட்டுமே செல்லும். சட்டத்திலேயே ஓர் உதாரணம் தந்திருக்கிறார்கள்: டாக்டரிடம் ஆன்லைனில் பேச உதவும் ஒரு செயலி, ஃபோனில் உள்ள கான்டாக்ட் பட்டியலையும் கேட்டு, நாமும் 'சரி' என்று அழுத்திவிட்டாலும், அந்தச் சம்மதம் மருத்துவ சேவைக்கு மட்டும்தான் பொருந்தும். கான்டாக்ட் பட்டியல் அதற்குத் தேவையில்லாத ஒன்று.

சட்டம் ஒரு பக்கம் இப்படித் தெளிவாக இருக்க, நிர்வாகம் தடுமாறியதும் உண்டு. 2022 மே 27 அன்று ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் தர வேண்டாம், ஹோட்டல்களும் சினிமா அரங்குகளும் அதை வாங்கி வைக்க அனுமதி இல்லை, தேவைப்பட்டால் எண்ணின் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள் என்றது. நாடே பரபரத்தது. இரண்டு நாளில், மே 29 அன்று, தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதும் என்றது.

அந்த இரண்டு நாள் குழப்பத்தின் விளைவு என்ன? சரியான அறிவுரை தப்பான செய்தியாகிவிட்டது. "அதான் வாபஸ் வாங்கிட்டாங்களே" என்று ஜெராக்ஸ் மெஷின்கள் பழையபடி ஓடின.

2025 டிசம்பரில் காற்று மீண்டும் திரும்பியது. ஹோட்டல்கள், நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் போன்றோர் ஆதார் நகலை வாங்கி வைப்பதைத் தடுக்கவும், ஆஃப்லைன் சரிபார்ப்பு செய்ய விரும்புவோர் பதிவு செய்துகொள்ளவும் புதிய விதி வருவதாக ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி அறிவித்தார். நல்ல முடிவு. இந்த முறையாவது இரண்டு நாளில் பின்வாங்காமல் இருக்க வேண்டும்.

அப்போ சிக்கல் எங்கே?

சிக்கல் கவுன்ட்டரில் இருக்கிறது. இரவு பதினோரு மணி. பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பு. கையில் பை. இந்த உரையாடலைக் கற்பனை செய்து பாருங்கள்.

"சார், ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க."

"ஆதார் ஆப் இருக்குங்க. ஸ்கேன் பண்ணிக்கோங்க."

"அதெல்லாம் எங்ககிட்ட இல்ல சார். ஜெராக்ஸ் இல்லன்னா ரூம் தர முடியாது. ஓனர் திட்டுவாரு."

இந்த இடத்தில் சட்டப் பிரிவைச் சொல்லி வாதாடுகிறவர்கள் நூற்றில் எத்தனை பேர்? பக்கத்துக் கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுத்துவிட்டுத் தூங்கத்தான் போவோம். 'பகிர்' பட்டன் நம் கையில் இருந்தும், முடிவு நம் கையில் இல்லை.

அந்த வரவேற்பாளரைக் குறை சொல்லியும் பயனில்லை. விடுதிகள் தங்குபவர் விவரத்தைப் பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். போலீஸ் சோதனைக்கு வந்தால் காட்ட வேண்டும். ஏதாவது குற்றம் நடந்தால் முதலில் விசாரிக்கப்படுவது அவர்தான். அவரைப் பொறுத்தவரை ஃபைலில் இருக்கும் ஜெராக்ஸ் ஒரு காப்பு. "நான் வாங்கி வச்சிருக்கேன் சார்" என்று எடுத்துக் காட்ட ஒரு தாள். ஸ்கேன் செய்த பதிவு அதே காப்பைத் தரும் என்று அவரிடம் இதுவரை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. சொல்லாதவரை அவர் மாற மாட்டார். நாம் அவர் இடத்தில் இருந்தாலும் மாற மாட்டோம்.

அதனால் மாற்றம் மேலிருந்து தொடங்க வேண்டும். கியூஆர் சரிபார்ப்பின் பதிவே போதும், ஜெராக்ஸ் தேவையில்லை என்று மாநில அரசும் காவல்துறையும் எழுத்துப்பூர்வமாக, தமிழில், எல்லா விடுதிகளுக்கும் சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன் முதல் ஓஎம்ஆர் பிஜி வரை கவுன்ட்டரில் ஒட்டி வைக்கும்படி ஒரு பக்க அறிவிப்பாக இருந்தால் போதும்.

அதைவிட முக்கியம், அரசு அலுவலகங்கள் முதலில் நிறுத்துவது. எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் 'இணைப்பு: ஆதார் நகல்' என்று இருக்கிறது. ஆதார் கொடுத்த அரசே அதன் ஜெராக்ஸைக் கேட்கும்போது, லாட்ஜ்காரரிடம் மட்டும் கேட்காதே என்று எப்படிச் சொல்வது? தான் பின்பற்றாத விதியை அடுத்தவருக்குப் போதித்தால் அது எடுபடாது.

எளிதானால் எல்லாரும் கேட்பாங்களா?

இங்கே இன்னொரு ஆபத்தையும் யோசிக்க வேண்டும். ஜெராக்ஸ் ஒரு தொந்தரவு. கடை தேட வேண்டும், காசு கொடுக்க வேண்டும். அந்தத் தொந்தரவால்தான் சில இடங்களில் கேட்காமல் விட்டார்கள். இப்போது ஒரு ஸ்கேனில் வேலை முடிந்துவிடும் என்றால், கேட்காதவர்களும் கேட்கத் தொடங்கலாம். அப்பார்ட்மென்ட் வாசலில் டெலிவரி கொடுக்க வரும் இளைஞர், அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் வந்துபோகும் விருந்தாளி, கல்லூரி விழாவுக்கு வரும் மாணவி என எல்லோரிடமும் "ஒரு ஸ்கேன் பண்ணிடுங்க" என்று ஆகிவிட்டால், நாம் குறைத்தது என்ன? கொடுக்கும் விவரம் குறைந்து, கொடுக்கும் இடங்கள் பத்து மடங்கானால் கணக்கு அங்கேயே நிற்கும்.

ஆகவே, 'எதைப் பகிர்வது' என்ற கேள்விக்கு முன்னால் 'இங்கே கேட்க வேண்டுமா' என்ற கேள்வி வர வேண்டும். 18 வயது நிரம்பியவரா என்று மட்டும் தெரிய வேண்டிய இடத்தில், 'ஆம்' அல்லது 'இல்லை' போதும். கூரியர் கொடுக்க வருபவரிடம் அதுவும் தேவையில்லை. யார், எதற்கு, எந்த விவரத்தைக் கேட்கலாம் என்ற பட்டியலை முறைப்படுத்தும் வேலையைச் செயலி செய்யாது, விதிகள்தான் செய்ய வேண்டும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவங்க?

செயலிக்கு ஸ்மார்ட்போன் வேண்டும், ஆதாரோடு இணைத்த மொபைல் எண் வேண்டும். கட்டட வேலைக்கு வேறு மாநிலத்தில் இருந்து வந்தவர், பட்டன் ஃபோன் வைத்திருக்கும் பாட்டி, எண் மாறிப்போய் ஆதாரில் புதுப்பிக்காதவர் ஆகியோர் என்ன செய்வார்கள்? 'ஆப் இல்லையா, அப்போ உள்ள வராதீங்க' என்ற நிலை வந்தால், ஜெராக்ஸை ஒழிக்கப் போய் ஆளையே ஒதுக்கிய கதையாகிவிடும். விரல் ரேகை பதியாமல் ரேஷன் கடையில் இருந்து வெறுங்கையோடு திரும்பிய முதியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தவறு இங்கே தொடரக் கூடாது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. அச்சிட்ட ஆதார் கடிதத்திலும் பிவிசி அட்டையிலும் ஏற்கெனவே கையொப்பமிட்ட கியூஆர் கோடு இருக்கிறது. அதில் படமும் விவரங்களும் உண்டு, ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கம் மட்டுமே உண்டு. பாட்டியிடம் ஃபோன் தேவையில்லை. அட்டையை நீட்டினால், கவுன்ட்டரில் இருப்பவர் ஆணையத்தின் ஸ்கேனர் செயலியில் சரிபார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நகல் எடுக்க வேண்டியதே இல்லை. புதிய ஏற்பாட்டில் இந்தக் காகித வழிக்கும் சம உரிமை வேண்டும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை போன்ற வேறு சான்றுகளைக் கொடுக்கும் உரிமையும் அப்படியே இருக்க வேண்டும்.

நீங்க இன்னைக்கே செய்யக் கூடியவை

விதிகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரத்திலேயே முடிக்கக் கூடிய சில வேலைகள் இருக்கின்றன.

1. செயலியைப் பதிவிறக்கும்போது வெளியிட்டவர் தனித்துவ அடையாள ஆணையம்தானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொடவே வேண்டாம்.

2. பயோமெட்ரிக் பூட்டைப் போடுங்கள். உங்களுடையதை முடித்துவிட்டு, அப்பா அம்மாவுடையதையும் போட்டுக் கொடுங்கள். ஆனால், ரேஷனுக்கோ ஓய்வூதியத்துக்கோ அவர்கள் ரேகை வைப்பவர்கள் என்றால், எப்படித் திறப்பது என்பதையும் சொல்லிக் கொடுத்த பிறகே பூட்டுங்கள்.

3. சரிபார்ப்புப் பட்டியலை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். ஆணையத்தின் இணையதளத்திலும் கடந்த 6 மாதப் பட்டியல் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணை அழைக்கலாம்.

4. ஜெராக்ஸ் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் என்றால் மாஸ்க்டு ஆதார் கொடுங்கள். தாளின் குறுக்கே தேதியையும் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்து போடுங்கள். வேறு இடத்தில் பயன்படுத்துவது கடினமாகும்.

5. பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்தால், கோப்பை டவுன்லோடு ஃபோல்டரில் இருந்தும் ரீசைக்கிள் பின்னில் இருந்தும் அழிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

6. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலர் அந்தப் பக்கத்துக் கவுன்ட்டரிலும் இருப்பவர்கள். ஹெச்ஆரில் வேலை பார்க்கிறீர்கள், ஸ்டார்ட்-அப் நடத்துகிறீர்கள், அப்பார்ட்மென்ட் சங்கத்தில் செயலாளராக இருக்கிறீர்கள். புதிதாகச் சேருபவர்களிடம் வாங்கிய ஆதார் நகல்கள் உங்கள் அலுவலக அலமாரியிலும் கூகுள் டிரைவிலும் எத்தனை இருக்கின்றன என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவருடையது ஏன் இன்னும் அங்கே இருக்கிறது? வீட்டைக் காலி செய்து போனவருடையது? தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கப் புதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து அல்ல, நம்பிக் கொடுத்தவர்களுக்காகவாவது தேவையில்லாதவற்றை அழித்துவிடலாம்.

2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் டெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டபோது கொடுத்த வாக்குறுதி, அடையாளம் இல்லாதவருக்கு அடையாளம் கிடைக்கும் என்பது. இன்று கிட்டத்தட்ட எல்லோரிடமும் அது இருக்கிறது. இனி செய்ய வேண்டியது, அந்த அடையாளம் கண்ட கண்ட மேஜை டிராயர்களில் சிதறிக் கிடக்காமல் பார்த்துக்கொள்வது. புதிய செயலி அதற்கு ஒரு நல்ல கருவி. ஜெராக்ஸ் கேட்கும் பழக்கத்தை அரசு தன் விண்ணப்பங்களில் இருந்து தொடங்கி நிறுத்தட்டும். அடுத்த முறை யாராவது கேட்டால் நாமும் தயங்காமல், மரியாதையாக ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்போம்: "எதுக்குங்க வேணும்?"